ஸ்டேல்மேட் சித்தாந்தம்: ஒரு டெல்டா விசாரணை

இரண்டு தரப்பும் பிடிவாதமாக அசையாமல் நின்றால் ஆங்கிலப் பத்திரிகைகள் அதை 'ஸ்டேல்மேட்' என்று எழுதிவிடுகின்றன. அப்படி எழுதுபவர்கள் சதுரங்கப் பலகைப் பக்கம் போனதில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. விதி வேறு. ஆட வேண்டிய முறை ஒருவருடையது. அவர் ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் கால் வைத்தாலும் செக். நகர்த்த வேறு காயும் இல்லை. ஆக, மாட்டிக்கொண்டவர் ஒருவர்தான். எதிராளி பெரும்பாலும் ராணியும் யானையுமாகச் செழிப்பாக இருப்பார். இருந்தும் வெற்றி கிடையாது, ஆட்டம் டிரா.

காவிரி விவகாரத்தையும் ஸ்டேல்மேட் என்பார்கள். 1924இல் ஒப்பந்தம், 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் தமிழகத்துக்கு 404.25 டி.எம்.சி. என்ற உச்ச நீதிமன்றக் கணக்கு. இத்தனை நகர்த்தல் நடந்த ஆட்டத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஜூன் 12 கடந்தும் மேட்டூர் திறக்காத வருஷத்தில், நாற்று விடுவதா வேண்டாமா என்று கடைமடையில் உட்கார்ந்திருப்பவரே விதிப்படி முடங்கியவர். சதுரங்கத்தில் முடங்கியவருக்கு அரைப் புள்ளி உண்டு. அவருக்கு அதுவும் இல்லை.

அரைப் புள்ளி என்பதும் பிற்காலத்து ஏற்பாடு. இந்தியர்கள் முடக்கப்பட்டவனுக்கே வெற்றியைக் கொடுத்தார்கள் என்று 9ஆம் நூற்றாண்டின் அரபு ஆட்டக்காரர் அல்-அத்லி குறித்திருக்கிறார். இங்கிலாந்திலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் முடக்கியவன்தான் தோற்றவன். 19ஆம் நூற்றாண்டில்தான் அங்கே டிரா என்று முடிவானது. 1978இல் பாகியோவில் உலகப் பட்டத்துக்கான ஐந்தாவது ஆட்டத்தில், 124ஆம் நகர்த்தலில் கோர்ச்னோய் கார்போவை முடக்கினார். வாயைத் திறந்து டிரா கேட்டிருக்கலாம். இருவருக்கும் பேச்சு இல்லை. சம்பந்திகள் நிறைந்த தஞ்சாவூர் ஜில்லாவில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

உள்ளூர்ச் சான்று நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் திருப்பூவனூர். சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். சித்தர் வேடத்தில் வந்து அரசகுமாரி ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம்; 2022 சென்னை ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமரும் இக்கோயிலைக் குறிப்பிட்டார். அம்பாளின் ராஜா அன்று முடங்கியிருந்தால், அல்-அத்லி சொல்லும் இந்திய விதிப்படி அம்பாளுக்கே வெற்றி, கல்யாணம் நின்றிருக்கும். கல்யாணம் நடந்தது. எனவே அது ஸ்டேல்மேட் அன்று, முறையான மேட் என்பது நிரூபணமாகிறது.

கல்யாணம் என்றதும் பந்தி. ஸ்டேல்மேட்டின் கலப்படமற்ற வடிவம் கும்பகோணம், மன்னார்குடி மண்டபங்களில் முதல் பந்தி முடியும் தறுவாயில் கிடைக்கிறது. ஆய்வுக்குரியவர் தயிர்சாதத்தையும் முடித்துவிட்டார், கை காய்கிறது. இடப்பக்கத்துப் பெரியவர் இன்னும் ரசத்தில் இருக்கிறார். பெரியவர் சாப்பிடும்போது எழுந்தால் மரியாதை போச்சு. இலையை மூடினால் எழுந்த மாதிரியேதான். மூடாமல் இருந்தால் ஜாங்கிரித் தட்டுக்காரர் காலி இடத்தைப் பார்த்துவிடுவார். நாற்காலிக்குப் பின்னால், முதுகில் மூச்சுப் படும் தூரத்தில், அடுத்த பந்திக்கு இடம் பிடித்தவர் நிற்கிறார். எல்லாக் கட்டமும் அவர் பிடியில். பசி மட்டும் தீரவில்லை.

"அவசரமில்ல மாமா, நிதானமா சாப்பிடுங்க" என்று அவர் சொல்வதைச் செக் ஆகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்று ஒரு சாரார். கூடாது என்பதே நம் கட்சி. செக் என்றால் "எழுந்திருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் துணிச்சல் இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாருக்கே கிடையாது.

ஐம்பது நகர்த்தல்வரை எந்தக் காயும் வெட்டுப்படாமல், சிப்பாயும் நகராமல் போனால் டிரா கோரலாம் என்று சதுரங்கத்தில் இன்னொரு விதி உண்டு. அதைப் பந்திக்கும் கொண்டுவரச் சிலர் யோசனை சொல்கிறார்கள். நடைமுறையில் உதவாது. பெரியவர் ஒவ்வொரு அப்பளத்தை நொறுக்கும்போதும் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும்.