கொடும்பாளூருக்கு மலைமிதிவண்டியில் செல்லத் திட்டமிடுதல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

திருச்சியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கணிசமான மலைமிதிவண்டிகள் வாழ்கின்றன. அவை மலை ஏறியதில்லை. தரைத்தளத் தூணோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டு, ஈரத்துண்டு தாங்கி, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மணியடித்து விளையாட இடங்கொடுத்து நிற்கின்றன. தீபாவளி முடிந்து எடை பார்க்கும் வாரத்தில் மட்டும் உரிமையாளருக்கு உள்ளத்தில் ஓர் அசைவு ஏற்படுகிறது. ‘ஒரு ஞாயித்துக்கிழமை எங்கயாச்சும் கிளம்பணும்டா’ என்று அவர் சொல்கிறார். இச்சொல் பிறக்கும் நொடியிலிருந்து, உண்மையில் சக்கரம் சுழல்வது வரையுள்ள நீண்ட காலப்பகுதியே இவ்வாய்வின் எல்லை. சக்கரம் சுழன்றபின் நடப்பவை வேறு துறையினருக்கு உரியவை. பெரும்பாலும் எலும்பு மருத்துவர்களுக்கு.

முதலில் இடத்தேர்வு. கொல்லிமலை என்று ஒருவர் சொல்வார். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்று இன்னொருவர் நினைவூட்டுவார். அதன்பின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் அமைதி நிலவும். பச்சைமலை முன்மொழியப்படும், அதுவும் மலையே என்பதால் தள்ளப்படும். இவ்வாறு கழித்துக்கொண்டே வந்தால் எஞ்சுவது கொடும்பாளூர். மதுரை நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர், புதுக்கோட்டை மாவட்டம், இருக்குவேளிரின் தலைநகர், ‘பொன்னியின் செல்வன்’ வானதியின் பிறந்தகம். இவை எல்லாவற்றுக்கும் மேலான தகுதி, அங்கே ஏற மலை இல்லை என்பது.

மலையில்லா ஊருக்கு மலைமிதிவண்டி எதற்கு என்று கேட்கும் குறுமதியாளர் எக்காலத்தும் உண்டு. அவர்களுக்கு விடை விராலிமலை. அது போகும் வழியிலேயே கண்ணில் படுகிறது. அதன்மேல் முருகன் இருக்கிறார். சுருட்டு நிவேதனம் பெறும் முருகன் என்ற தனிப்பெருமை அவருக்கு உண்டு. மயில்களும் இருக்கின்றன. ஏறுவதற்குப் படிக்கட்டு இருப்பதால் மிதிவண்டிக்கு அங்கே வேலையில்லை. ஆகவே மலையைக் கண்டோம் என்ற மனநிறைவும், ஏறவில்லையே என்ற குற்றவுணர்வுக்கு ஆகம அடிப்படையிலான சமாதானமும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன.

அடுத்தது வழித்தேர்வு. இத்துறையில் முன்னாய்வுகள் மிகப் பழமையானவை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், உறையூரிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறானே, தமிழில் முழுமையாகக் கிடைக்கும் முதல் பயணத்திட்டக் கூட்டம் அதுதான் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. இன்றைய குழுக்களில் நடக்கும் அனைத்தும் அங்கே நடந்து முடிந்துவிட்டன. மறையவன் எடுத்த எடுப்பில் வழி சொல்வதில்லை. ‘இந்த வெயில் காலத்திலா, அதுவும் இந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டா’ என்ற பொருளில் தொடங்குகிறான். பருவம் தவறிக் கிளம்பிவிட்டோம் என்று கிளம்பியபின் சொல்லும் நண்பரை நாம் அனைவரும் அறிவோம். பிறகே கொடும்பையின் (நம் கொடும்பாளூரேதான்) நெடுங்குளக்கரையை அடைந்தால் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று தொடங்கி, மூன்றையும் விரித்துரைக்கிறான்.

வலப்பக்க வழி நீரற்ற காடு, எயினர் நிலம். அதைத் தாண்டினால் சிறுமலை, அங்கே வாழை, மா, பலா எல்லாம் உண்டு. முதல் 20 கிலோமீட்டர் பல்லைக் கடித்துக்கொள், அப்புறம் அருமையாக இருக்கும் என்று சொல்பவரின் மரபு இங்கே தொடங்குகிறது. இடப்பக்க வழியில் அழகர்மலை. அங்கே ஒரு பிலமும் மூன்று பொய்கைகளும் இருக்கின்றன. ஒன்றில் நீராடினால் ஐந்திர இலக்கணம் கைவரும், இன்னொன்றில் பழம்பிறப்பு தெரியும், மூன்றாவதில் நினைத்ததெல்லாம் கிடைக்கும். கூடுதலாக 15 கிலோமீட்டர் சுற்றவைக்க இவ்வளவு சொல்லித்தான் ஆகவேண்டும். மூன்றாவது இடைவழி: ஊர்களும் காடும் மாறிமாறி வரும். அதில் ஒரு தெய்வம் உண்டு. அது அச்சுறுத்தாது, துன்புறுத்தாது. இனிமையாக எதிரே தோன்றி, போகிறவரை நிறுத்திவிடும்.

இத்தெய்வத்தை உரையாசிரியர்கள் எவ்வாறு விளக்கியிருப்பினும், நெடுஞ்சாலையில் காலை ஏழு மணிக்கு வெங்காய பஜ்ஜி போடத் தொடங்கும் டீக்கடையைத் தவிர வேறொன்றாக இதைக் கருத இவ்வாய்வாளருக்கு இயலவில்லை. அச்சமூட்டாது, இனிமையாய்த் தோன்றும், நிறுத்தும்: மூன்று இலக்கணமும் பொருந்துகின்றன. அங்கே நின்றவர் மேற்கொண்டு போவது அரிது.

இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்லவேண்டும். மூன்று வழிகளும் கடைசியில் மதுரைப் பெருவழியில்தான் சேர்கின்றன என்று மறையவனே சொல்லிவிடுகிறான். அப்படியானால் இத்தனை விவாதம் எதற்கு? விவாதமே பயணம் என்பதால். மற்றொன்று, எல்லா வழியும் தெரிந்த அம்மறையவன் உடன் வரவில்லை. அவனுக்குத் திருவரங்கத்திலும் வேங்கடத்திலும் வேலை இருந்தது. வழி தெரிந்தவர் வரமாட்டார், வருபவருக்கு வழி தெரியாது என்ற விதி காப்பிய காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது. கோவலனுடன் வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் மட்டும் பொய்கையெல்லாம் எங்களுக்கு வேண்டாம் என்று கூட்டத்தை முடித்துவைத்தார். குழுவுக்கு ஒரு கவுந்தியடிகள் இல்லாததால் கைவிடப்பட்ட பயணங்கள் எத்தனையோ.

கருவி இயலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெடுஞ்சாலையை விட்டுச் செம்மண் தடத்தில் இறங்கினால் சீமைக்கருவேல முள் காத்திருக்கிறது. மலைமிதிவண்டியின் தடித்த டயருக்கு அது அஞ்சுவதில்லை. பஞ்சர் கடை கிடைக்கும். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து ஒட்டுப்போட்டும் தருவார்கள். காற்று அடிக்கும்போதுதான் வர்க்க வேறுபாடு வெளிப்படுகிறது. மலிவான வண்டிகளின் வால்வு பைக் வால்வு போன்றது. எந்தக் கடையின் காற்றுக்குழாயும் பொருந்தும். விலை கூடிய வண்டிகளில் பிரெஸ்டா என்னும் ஒல்லி வால்வு. அதற்குத் தனிப் பித்தளைத் திருகு வேண்டும். அத்திருகு வீட்டில் இருக்கும். ‘இவ்ளோ காசு குடுத்து வாங்கியிருக்கீக, காத்து அடிக்க வழியில்லையே தம்பி’ என்று கடைக்காரர் வருந்துவதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுக்கலாம். உணவு பற்றி: கொடும்பாளூர் வேளிர் குலத்து இடங்கழி நாயனார், அடியாருக்கு அமுது படைக்க அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் திருடியவரைப் பிடித்தபோது தண்டிக்காமல், களஞ்சியத்தையே அடியார்க்குத் திறந்துவிட்டவர். அந்த ஊருக்குப் போகிறவர் பையில் புரோட்டீன் பார் எடுத்துச் செல்வது மரபுக்கு இழுக்கு.

மலைமிதிவண்டி விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டாமல்பைஸ் மலையருகே தொடங்குவர். 1976 முதல் அங்கே சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் மண்சரிவில் பந்தயம் விட்டனர். ஒருமுறை இறங்கியதுமே பின்சக்கரப் பிரேக்கிலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி நிரப்பவேண்டும். அதனாலேயே பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. 1977இல் ஜோ பிரீஸ் தனியாக ஒரு சட்டகம் செய்தார். உலகம் வியந்தது, இன்றும் வியக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று நேரில் பார்த்து எழுதினார் பத்திரிகையாளர் சாய்நாத். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதுவே மேல் என்றவர்களும் உண்டு. கல் குவாரிப் பெண்களும் இவர்களில் இருந்தார்கள். குவாரிக்குப் போகும் பாதை எப்படி இருக்கும் என்பதைப் படித்தறிய வேண்டியதில்லை. அவர்கள் வண்டியில் முன்பக்க அதிர்வுதாங்கி கிடையாது, 21 கியர் கிடையாது. முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம். ஒப்பீட்டு ஆய்வில் டாமல்பைஸ் தரப்பு தன் குடத்தை இன்னும் காட்டவில்லை. இப்பெண்கள் வழித்தேர்வுக் கூட்டம் எதுவும் நடத்தியதற்குச் சான்றில்லை என்பதும், இவ்வாய்வின் அடிப்படைக் கருதுகோளுக்கு அது பெரிய இடையூறு என்பதும் நேர்மையாகப் பதியப்படுகின்றன.

இனி, ஆள் சேர்க்கை. இங்கே நமக்குக் கிடைப்பது கல்லாலான சான்று. கொடும்பாளூரில் வேளிர் மன்னன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்றும், தேவியர் வரகுணை, கற்றளி ஆகியோர் பெயரில் இரண்டுமாக மூன்று விமானங்கள் எழுப்பியதாகக் கல்வெட்டு சொல்கிறது. அதனால்தான் மூவர் கோயில். போய்ப் பார்த்தால் நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. மூன்று பேர் உறுதி சொல்லி இரண்டு பேர் வருவது என்ற விதிக்கு இதைவிடத் துல்லியமான நினைவுச்சின்னம் உலகில் இல்லை. வராதவரும் அடித்தளம் வரை வந்தவர்தான்: ஹெல்மெட் வாங்கினார், தண்ணீர்ப் பாட்டில் வாங்கினார், முதல்நாள் இரவு பதினொன்றுக்கு ‘டன்’ என்றும் பதிலிட்டார்.

இக்கோயில் 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததா, 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியா என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடுகிறார்கள். நம் குழு தேதியைப் பற்றி அதைவிடக் குறைந்த காலமே வாதாடியிருக்கிறது என்பது ஆறுதல். மார்கழி என்றால் பனி, தை என்றால் பொங்கல் வேலை, மாசியில் பள்ளித் தேர்வு, பங்குனி வந்துவிட்டால் மறையவன் எச்சரித்த வெயில்.

மூன்றாமவர் எங்கே போனார் என்பதில் இரண்டு பள்ளிகள் உள்ளன. மனைவி ஊரில் காதுகுத்து என்பது ஒரு தரப்பு. அவர் காரில் நேராக வந்து, பூதக்குடி சுங்கச்சாவடியில் கட்டணமும் செலுத்தி, மற்ற இருவர் வந்துசேர்வதற்குள் இரண்டாவது டீயும் குடித்திருந்தார் என்பது மறுதரப்பு. சுங்கச் சீட்டு கிடைத்தால் சிக்கல் தீரும். தேடிக்கொண்டிருக்கிறோம்.