ஸ்கேனில் தெரியுமா, ஜீனில் தெரியுமா?

கேள்வி: பையனுக்கு 19 வயது. யாரோ திட்டுவதாகச் சொல்லிக் காதைப் பொத்திக்கொள்கிறான். கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'நார்மல்' என்று வந்துவிட்டது. இனி பயமில்லைதானே?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: கட்டியில்லை, ரத்தக்கசிவில்லை, நாடாப்புழுவின் நீர்க்கட்டியும் இல்லை. அந்த ரிப்போர்ட் சொல்வது அவ்வளவுதான் அம்மா. இல்லாத குரல் கேட்பது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோயாகவும் இருக்கலாம். அந்த நோய் உள்ள பல நூறு பேரின் படங்களைச் சேர்த்துப் பார்த்தால், மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் சற்றே பெரிதாக இருப்பது தெரியும். நோயே இல்லாத பலருக்கும் அதே அளவு இருக்கும் என்பதால், தனி ஒருவரின் படத்தை வைத்து இன்றைக்கு யாராலும் முடிவு சொல்ல முடியாது. குரல் எப்போதிருந்து கேட்கிறது, தூங்குகிறானா, சோற்றில் விஷம் என்று சந்தேகப்படுகிறானா என உட்கார்ந்து விசாரிக்கிற டாக்டர்தான் கண்டுபிடிப்பார். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப்போங்கள். சிகிச்சை தள்ளிப்போனால் குணமாவதும் தள்ளிப்போகும். அவசரமென்றால் நடு ராத்திரியிலும் 14416-க்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

கேள்வி: பிறகு டாக்டர்களே ஏன் ஸ்கேன் எழுதுகிறார்கள்?
– அரூர் வாசகர்

பதில்: மனநோய் வேஷத்தில் வரும் வேறு நோயைப் பிடிக்க. வலிப்பு, ஜுரத்தோடு திடீர்க் குழப்பம், அறுபதைத் தாண்டி முதன்முறையாக வரும் மாற்றம் என்றால் எடுத்தே ஆகவேண்டும். தைராய்டு, பி12 பரிசோதனைகளும் அதற்காகத்தான்.

கேள்வி: ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்ட் செய்தால் மனச்சிதைவு வருமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாமே?
– பென்னாகரம் வாசகர்

பதில்: ஒரே ஜீன் என்றால் எப்போதோ பிடித்திருப்பார்கள். மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் குறித்துக் காட்டியது 2022-இல் வந்த பெரிய ஆய்வு. ஒவ்வொன்றும் கூட்டுவது துளி அபாயம். அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்கே. நம் மக்களின் பங்கும் இதில் உண்டு: சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் 3,000-க்கும் மேற்பட்ட தென்னிந்தியர்களை ஆராய்ந்து, வைட்டமின் பி3-ஐ உடல் பயன்படுத்தும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு ஜீனை 2019-இல் சுட்டிக்காட்டின. அருமையான தடயம். அதற்காக பி3 மாத்திரை வாங்க ஓடாதீர்கள். அது இன்னும் மருந்தாகவில்லை.

கேள்வி: அத்தை மகனுக்குப் பெண் கொடுக்கப் பேச்சு நடக்கிறது. பையனின் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு. என்ன செய்வது?
– காரிமங்கலம் வாசகி

பதில்: சித்தப்பா அவன் அப்பா வழி. முன்பே சம்பந்தம் கலந்திருந்தாலொழிய உங்கள் பெண்ணுக்கு அவர் ரத்த உறவே இல்லை. பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், சித்தப்பாவுக்கு இருந்தால் பையனுக்கு வர நூற்றில் மூன்று நான்கு வாய்ப்பு. அதற்காக ஒரு குடும்பத்தை ஒதுக்குவது நியாயமில்லை. சொந்தத்துக்குள் கட்டுவதால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய பிறவிக் குறைகள் தனி விஷயம். அதற்கு மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அண்ணனுக்கும் எனக்கும் ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– தர்மபுரி வாசகர்

பதில்: மனமிருந்தால் கொடுங்கள். ஒரே வீட்டில் பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு அங்கே 2016 முதல் நடக்கிறது. உலகின் மரபணுத் தகவல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம்மவர் ரத்தம் சேராமல் நமக்குப் பொருந்தும் பரிசோதனை பிறக்காது. தகவல் யார் கையில் இருக்கும், பெயர் மறைக்கப்படுமா என்று கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்திடுங்கள். மறுத்தாலும் அண்ணனின் சிகிச்சை குறையக் கூடாது; அது அவர் உரிமை.