பிடரி அறியாச் செயலி: பூதலூர் அத்தையின் கூந்தல் குறித்து ஓர் ஆய்வு

தமிழில் கூந்தல் ஆராய்ச்சிக்கு வயது அதிகம். வளர்ச்சிதான் இல்லை. பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்று பாண்டியனுக்கு ஐயம் வந்தது. ஆயிரம் பொன் தொங்கவிடப்பட்டது. தருமி வந்தார், நக்கீரர் குற்றம் கண்டார், கடைசியில் சிவபெருமானே வாய்மொழித் தேர்வுக்கு நேரில் வரவேண்டியதாயிற்று. 1965-இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக எடுத்து, நாகேஷை மண்டபத்தில் தனியாகப் புலம்பவிட்ட பிறகு அந்த வழக்கு தெரியாத தமிழர் இல்லை. அவ்வளவு பெரிய சபையில் ஒருவராவது, “அது கிடக்கட்டும், அந்தக் கூந்தலை எதுவரைக்கும் வெட்டினால் அம்மாளுக்கு எடுப்பாக இருக்கும்?” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விட்டுப்போன அந்த வேலையைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

ஆய்வுக்களம் பூதலூர். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவே, ரயிலில் போகிறவர்கள் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி செல்போனுக்குள் போய்விடும் ஊர். கல்லணையில் தண்ணீர் திறந்தால் வயலில் வேலை. திறக்காவிட்டால் டீக்கடையில் வேலை. ஆய்வு மாதிரி ஒருவர். என் அப்பாவின் அக்கா, வயது 61, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். ஒரே ஒருவரை வைத்து எப்படி முடிவுக்கு வரலாம் என்று ஆய்வுலகம் ஆட்சேபிக்கக்கூடும். அத்தையிடம் பேசிப் பார்த்தவர்கள் அப்படி ஆட்சேபிப்பதில்லை.

முடி உதிர்வை அளக்க இந்தப் பக்கத்தில் ஓர் அளவுகோல் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு அது இன்னும் எட்டவில்லை. வாரும்போது சீப்போடு வருகிற முடியைச் சுருட்டிக் கொல்லைச் சுவர் மாடத்தில் செருகி வைப்பார்கள். சவுரிக்கு முடி எடுக்கிறவர் தெருவில் குரல் கொடுத்தால் அதைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் வாங்கிக்கொள்வார்கள். பாத்திரத்தின் கொள்ளளவுதான் உதிர்வின் அளவு. அத்தைக்கு ஐம்பது வயதில் கிடைத்தது ஒரு கரண்டி. ஐம்பத்தைந்தில் டம்ளர். போன தை மாதம் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது யாருக்கும் இயல்பு என்றும், மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இழை மெலிந்து வகிடு அகலமாகும் என்றும் மருத்துவம் சொல்கிறது. அத்தையிடம் சொன்னேன். “வாளிக்கு வந்தாச்சுடா. அடுத்தது அண்டா. அதுக்குள்ள நானே வெட்டிக்கிறேன்” என்றார்.

சிங்கப்பூரிலிருக்கும் மகள் பதறிப்போனாள். “சும்மா போயி வெட்டிக்கிட்டு வந்துராதம்மா. மொதல்ல இதுல போட்டுப் பாரு” என்று ஒரு செயலியை அனுப்பினாள். முகத்தைக் காட்டினால் போதும், வெட்டாமலேயே வெட்டிக் காட்டும்.

இதன் இயக்கம் அப்படியொன்றும் மாயமில்லை. கேமரா முதலில் முகத்தைக் கண்டுபிடிக்கிறது. பிறகு புருவம், மூக்கு, உதடு, தாடை என்று புள்ளி வைக்கிறது. 2019-இல் கூகுள் வெளியிட்ட முகவலை மொத்தம் 468 புள்ளி வைக்கும். அப்புறம் எது முடி, எது முடியல்ல என்று பிரித்து, இருக்கிற முடியை அழித்து, வேறொன்றை வரைகிறது. பழைய செயலிகள் விக்கு படத்தைக் கத்தரித்துத் தலையில் ஒட்டிவிடும், நாடகக் கம்பெனி மாதிரி. புதியவை நெற்றியில் விழும் நிழல் வரைக்கும் தாமே வரைந்துகொள்கின்றன. 468 என்றதும் அத்தை அசந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். மார்கழியில் 21 புள்ளி 21 வரிசை வைக்கிறவர் அவர். மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, “என்னைவிட இருபத்தேழுதான் கூட” என்றார்.

செயலி மனித முகங்களை ஐந்தாக வகுக்கிறது: முட்டை, வட்டம், சதுரம், நீள்சதுரம், இதயம். அத்தையின் முகம் காலையில் முட்டையாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வட்டமாயிற்று. ராத்திரி டியூப்லைட்டுக்கு நேர் கீழே சதுரம். ஜன்னல் வெளிச்சத்தில், போனைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, முடியை இறுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு எடுத்தால்தான் இரண்டு தடவை ஒரே பதில் வருகிறது. இந்த ஆய்வின் நடைமுறைப் பயன் என்று ஏதாவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். பழந்தமிழரும் ஐந்து என்றுதான் எண்ணினார்கள். ஆனால் அவர்கள் எண்ணியது முகத்தை இல்லை. முடி, குழல், கொண்டை, பனிச்சை, சுருள் என்று கூந்தலை ஐந்து வகையாக முடித்து ‘ஐம்பால்’ என்றார்கள். முகத்தை அது பாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

முட்டை முகத்துக்கும் அறுபது வயதுக்கும் சேர்த்துச் செயலி தந்த முதல் தீர்ப்பு, தாடை வரை வழியும் பாப். காதை மூடி, கன்னத்தின் தொய்வை மறைத்து, உள்பக்கம் வளைந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது. மாமாகூட எட்டிப் பார்த்துவிட்டு, கருத்துச் சொல்லாமல் போனார். அவரளவில் அது பாராட்டு. அத்தை மட்டும் திரையைக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தோடு எங்கடா?”

“அது முடிக்குள்ள இருக்கு அத்தை.”

“ஏழுகல் தோடு. ரெண்டு தடவை அடகுக்குப் போயி மீட்டு வந்தது. அதைப் போயி முடிக்குள்ள வைக்கச் சொல்றானா?”

காதை மறைத்தால் வயது குறையும் என்பது செயலியின் அழகியல். காதைக் காட்டினால் வட்டி கட்டி முடித்தாயிற்று என்று ஊருக்குத் தெரியும் என்பது டெல்டாவின் அழகியல். இரண்டாவதற்குப் புள்ளியே கிடையாது.

இன்னொரு பித்தலாட்டத்தையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். எந்த வெட்டைப் போட்டாலும் அத்தைக்குப் பத்து வயது குறைந்தது. பிக்ஸி போட்டாலும் குறைந்தது, லேயர் போட்டாலும் குறைந்தது. சந்தேகப்பட்டு வெட்டே போடாமல் சொந்தக் கொண்டையோடு பார்த்தோம்; அப்போதும் குறைந்தது. சருமத்தை வழுவழுப்பாக்கும் வசதி பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அணைத்ததும் சுருக்கங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன, ஏழு வெட்டில் ஐந்து எடுபடாமல் போயின. அழகு கூட்டியது கத்தரிக்கோல் இல்லை, இஸ்திரிப்பெட்டி. அழகுசாதனப் பெருநிறுவனமான லோரியல் 2018-இல் கனடாவின் மோடிஃபேஸை விலைக்கு வாங்கியது இப்படி முகத்தில் போட்டுக் காட்டும் வித்தைக்காகத்தான். இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளைச் சீனக் கணக்கில் தடை செய்தபோது, தைவான் நிறுவனத்தின் இதே வகைச் செயலியான யூகேம் மேக்கப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. தைவான்காரர் ஒருவரிடம் இதை விளக்கிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆய்வின் திருப்பம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேர்ந்தது. அத்தை தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, திடீரென்று என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

“முன்பக்கம் போதும். பின்பக்கம் எப்படியிருக்கும், காட்டு.”

போனைப் பிடரிக்கு நேரே பிடித்தேன். கட்டம் அலைந்தது, தேடியது, நின்றது. ‘முகம் கண்டறியப்படவில்லை’ என்றது. மேலும் கீழும் நகர்த்தினேன். கனகாம்பரமும் மல்லிகையும் கலந்த ஒரு முழம், அதற்குக் கீழே வாளிக்குப் போனது போக மிஞ்சிய சடை, ஜாக்கெட் முதுகில் ஈரம். என் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. செயலியைப் பொறுத்தவரை அங்கே ஆளே இல்லை. 468 புள்ளியில் ஒன்றுகூடப் பிடரியில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பூதலூரில் கூந்தல் என்பது பின்பக்கச் சமாச்சாரம். கோயில் வரிசையில், பஸ் சீட்டில், கல்யாண மண்டபத்து நாற்காலியில் ஒரு பெண்ணின் தலையை ஊர் பார்ப்பது பின்னாலிருந்துதான். பூவும் பின்னால், சவுரியும் பின்னால், விமர்சனமும் பின்னால். அத்தை விஷயத்தில் இது இன்னும் கூடுதல். முப்பத்துநான்கு வருஷம் கரும்பலகையில் எழுதியவர். பிள்ளைகளுக்கு அவருடைய முகத்தைவிடச் சடைதான் அதிகப் பழக்கம். சடை இந்தப் பக்கம் அசைந்தால் எழுதி முடிக்கப் போகிறார், அந்தப் பக்கம் வெட்டினால் திரும்பப் போகிறார் என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் கடைசி பெஞ்சு பேசியிருக்கிறது. இன்றைக்கும் தெருவில் பின்னாலிருந்தே “டீச்சர், சௌக்கியமா?” என்கிறார்கள்.

இது அத்தையோடு தொடங்கியதில்லை. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் நிற்கிறார். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த வார்ப்பு. பாம்புகளைச் சேர்த்து முண்டாசு மாதிரி சுற்றிய அந்தச் சடையைப் போல எந்த பார்லரிலும் போட்டுவிட முடியாது. நான் சொல்ல வருவது பொதுவாகச் சோழர் செப்புத்திருமேனிகளைப் பற்றி. கருவறையிலும் வீதியுலாவிலும் அலங்காரத்துக்குள் மூழ்கி நிற்கும் உருவத்தின் பின்தலையை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் பிடரியில் சிரச்சக்கரம் வைத்து, அதன் கீழே தோளில் புரளும் சுருள்களை ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறார்கள். சிலையின் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் பின்னால் போய் நின்று பார்ப்பதும் உண்டு. காவிரி வண்டலை மெழுகின் மேல் பூசி வார்த்த ஸ்தபதிக்குத் தெரிந்த ஒன்று, செயலி எழுதியவருக்குத் தெரியவில்லை.

எனவே முகத்தை விட்டுவிட்டு, பிடரியை வைத்து, நெற்போகங்களின் பெயரில் ஒரு வகைப்பாடு செய்தேன். பிடரிக்கு மேலே நிற்பது குறுவை. முதுகில் இறங்குவது சம்பா. குறுவை வெட்டு பிடிக்காமல் வளரவிட்டு இரண்டுங்கெட்டானாக நிற்பது தாளடி. கிராப்பு என்ற சொல்லே பயிரின் ஆங்கிலப் பெயர்தானே என்ற துணிச்சல்தான். முடி மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும் என்று வைத்துக்கொண்டால், 110 நாள் குறுவைக் காலத்தில் நாலரை சென்டிமீட்டர். வெட்டில் தவறு நேர்ந்தால் ஒரு போகம் காத்திருந்தால் பாதி சரியாகிவிடும். மேட்டூரும் திறக்கவேண்டியதில்லை.

வயதான பெண்கள் முடியைக் குறைப்பது இங்கே புதிது என்று நினைத்தால் தவறு. சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு நுனியில் சில அங்குலம் பூமுடி கொடுப்பவர்கள் உண்டு, மொட்டையே போடுபவர்களும் உண்டு. அறநிலையத்துறைக் கோயில்களில் 2021-லிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. செயலியிலோ நாலாவது வெட்டுக்கு மேல் சந்தா. கணவன் போனபின் வலுக்கட்டாயமாகச் சிரைக்கப்பட்ட பாட்டிமார்களும் இதே டெல்டாவின் அக்கிரகாரங்களில்தான் இருந்தார்கள். அதை வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்கள் கிராப்பு வைத்துக்கொள்ளட்டும் என்று பெரியார் மேடையில் சொன்னார். கீழத்தஞ்சையில் மணலூர் மணியம்மா, இளம் வயதில் கைம்பெண்ணானவர், கிராப்பு வெட்டிக்கொண்டு வேட்டி சட்டையோடு பண்ணையாட்களைத் திரட்டினார். ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலை எழுதியது அவரைப் பற்றித்தான். அவர் வெட்டிக்கொள்ளும் முன் தன் முகம் முட்டையா வட்டமா என்று பார்த்திருப்பார் என்று நினைக்க முடியவில்லை. அத்தை அந்த நாவலைப் படித்தவர். அதைப் பற்றி மட்டும் விளையாட்டாகப் பேசமாட்டார்.

தஞ்சாவூரில் ஒரு சின்ன பார்லர். செயலி தந்த படங்கள் ஏழையும் காட்டினேன். அந்தப் பெண் மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் போனை ஓரமாக வைத்தாள். அத்தையின் பின்னால் போய் நின்றாள். சடையை அவிழ்த்து, விரலால் கோதி, உச்சியில் அழுத்திப் பார்த்தாள்.

“பூ வைப்பீங்களாம்மா?”

“வைக்காம?”

“எண்ணெய்?”

“தினம்.”

“அப்ப லேயர் வேண்டாம். இருக்கற முடிக்கு லேயர் போட்டா நுனி எலிவால் ஆயிடும். எண்ணெய் வச்சா இன்னும் ஒட்டிக்கும். நேரா ஒரே மட்டமா வெட்டுறேன், அடர்த்தியா தெரியும். ஹேர்பின் நிக்கற அளவுக்கு விடுறேன். காதுக்குப் பின்னாடி ஒதுக்கிக்கிட்டா தோடும் தெரியும்.”

ஐந்தே நிமிஷத்தில், முகத்தையே பார்க்காமல், என் மூன்று வார ஆய்வை முடித்துவைத்தாள். வெட்டிய முடியைக் காகிதத்தில் சுற்றி அத்தையிடமே கொடுத்தாள். அத்தை அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாளிக்கு மேல் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் பாசஞ்சரில் பூதலூரில் இறங்கினோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நடக்கும்போது ஒருவரும் பின்னாலிருந்து சௌக்கியம் கேட்கவில்லை. அத்தை அதைக் கவனித்ததும் எனக்குத் தெரிந்தது; நடையைக் கொஞ்சம் குறைத்தார். பூக்காரம்மா அவரிடம் நாலாங்கிளாஸ் படித்தவர். நாங்கள் தாண்டிப் போகும்வரை சும்மா இருந்தார். அத்தையே திரும்பி வந்து நின்றதும் கை அப்படியே நின்றது.

“டீச்சரா? யாரோ பேங்குக்குப் புதுசா வந்த மேடம்னுல்ல நெனச்சேன்!”

“ஒரு முழம் குடு.”

பூக்காரம்மா எழுந்து, அத்தையின் தோளைத் தொட்டுத் திருப்பி, பின்தலையை இப்படியும் அப்படியும் பார்த்தார். ஹேர்பின்னை லேசாக அசைத்துப் பார்த்தார்.

“அரை முழந்தான் நிக்கும் டீச்சர். எல்லாரும் இப்படிக் கிளம்புனா நான் என்ன பண்றது?” என்று சொல்லிக்கொண்டே ஒரு முழம் அளந்து, நடுவில் நறுக்கி, இரண்டாகக் கொடுத்தார். “இது தலைக்கு. இது சாமிக்கு.”

ஒரு முழத்துக்கு உண்டான காசை வாங்கிக்கொண்டார்.