எல்லாம் டி டிரைவில் இருக்கிறது

மைக்ரோசாஃப்ட்டுக்குப் பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கம் கிடையாது. விண்டோஸுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2003 அக்டோபரிலிருந்து மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில்தான் வெளியிடுகிறது. செவ்வாயோ வெறுவாயோ என்று ஒரு ஜோடி செருப்பு வாங்கக்கூடத் தயங்கும் வீடுகளுக்கு இது கொஞ்சம் நெருடல்தான். நல்லவேளையாக, அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வெளியாவது இந்தியாவுக்கு வந்து சேர இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகிவிடும். சிஸ்டத்தை மூடிவிட்டுப் படுத்தவர் மறுநாள் காலை திறக்கும்போதுதான் அப்டேட் இறங்கும். பொன் கிடைத்தாலும் கிடைக்காத புதன். தோஷம் நிவர்த்தி.

வழியனுப்பு விழாக்களும் செவ்வாயில்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, அன்று இங்கே போகி. தெருவில் பழைய பாய் எரிந்துகொண்டிருந்த நாளில் விண்டோஸ் 7-ஐயும் கைகழுவினார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 என்று நாள் குறித்தார்கள். தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால், வீடே ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கும் நேரம். கெஞ்சியவர்களுக்கு ஓராண்டு தவணையும் உண்டு: முப்பது டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அங்கே சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். தவணை முடியும் 2026 அக்டோபர் 13-ஆம் தேதியும் செவ்வாய்தான்.

இதில் விண்டோஸ் 10-இன் கதை கொஞ்சம் பரிதாபமானது. 2015-இல் அது வெளிவரும் முன்பே, சிகாகோ மாநாடு ஒன்றில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர், இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று சொல்லிவிட்டார். இனி புதிது புதிதாக வராது, இதையே திருத்தித் திருத்தி ஓட்டுவோம் என்பது பொருள். கடைசிப் பிள்ளை என்று செல்லம் கொடுத்து வளர்த்த வீட்டில், 2021 அக்டோபர் 5-ஆம் தேதி விண்டோஸ் 11 என்று ஒரு தம்பி பிறந்தான்.

தம்பிக்கு வேண்டிய தகுதிகள் கறாரானவை. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் இவையெல்லாம் பரவாயில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். செக்யூர் பூட் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தையதோ இருக்கவேண்டும். இங்கேதான் பல வீடுகளின் கௌரவம் அடிவாங்கியது. “ஐ-5 போட்ட சிஸ்டம்” என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். அப்படிச் சொல்லித்தான் வீட்டுக்காரரும் சம்பந்தி வீடுவரை பெருமையடித்திருந்தார். ஐ-5 என்பது குடும்பப் பெயர் மட்டுமே, தலைமுறையைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண் என்பதை யாரும் சொல்லவில்லை. ஐ5-8400 உள்ளே வரலாம். அதே 2017-இல் சில மாதம் முன்னால் வாங்கிய ஐ5-7400 வாசலிலேயே நிற்கவேண்டும்.

தகுதி இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட்டே ஒரு சோதனைக் கருவி தந்தது. 2021 ஜூனில் வந்த அதன் முதல் வடிவம், இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்று மட்டும் சொல்லும். ஏன் ஓடாது என்று சொல்லாது. ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரே வரியில் போனை வைக்கிற பெண் வீட்டார் மாதிரி. எல்லாரும் கத்தவே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, காரணம் சொல்லப் பழக்கி, செப்டம்பரில் மறுபடி கொண்டுவந்தார்கள். உண்மையில் பல கணினிகளில் டிபிஎம் உள்ளேயே இருந்தது. பயாஸில் அணைந்து கிடந்தது. அதுவும் சொந்தப் பெயரில் இல்லை. இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்-டிபிஎம். தேடுகிறவர் பேய் வீட்டில் டார்ச் அடிப்பவரைப்போல ஒவ்வொரு மெனுவாக எட்டிப்பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடுவார்.

கம்பெனி கேட்கும் தகுதிகள் இவ்வளவுதான். வீடு கேட்கும் தகுதிகள் வேறு. அந்தப் பட்டியல் பெங்களூரிலிருந்து வரும் போனில்தான் தொடங்கும்.

“அப்பா, பேக்கப் எடுத்தாச்சா?”

“எல்லாத்தையும் டி டிரைவுல போட்டாச்சுடா.”

“அப்பா, டி டிரைவும் அதே ஹார்ட் டிஸ்க்தான்.”

“அதெல்லாம் இல்ல. இது தனி. சர்வீஸ் தம்பியே சொல்லியிருக்காரு.”

டி டிரைவின் மேல் இருக்கும் இந்த நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு வரலாறு உண்டு. அசெம்பிள் செய்து தருபவர்கள் ஒரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துத் தருவார்கள். வைரஸ் வந்தாலும், விண்டோஸ் படுத்துக்கொண்டாலும், வேறு என்ன ஆனாலும் வைத்தியம் ஒன்றுதான்: ஃபார்மேட். சி-யை மட்டும் துடைத்து ஓஎஸ் ஏற்றுவார்கள். சி-யில் இருந்த போட்டோக்கள் போய்விடும், டி-யில் இருந்தவை பிழைத்திருக்கும். இதை இரண்டு மூன்று முறை கண்ணால் பார்த்த குடும்பம் டி-யைப் பேங்க் லாக்கராக நினைப்பதில் என்ன தப்பு? ஒரே ஒரு சிக்கல்தான். ஹார்ட் டிஸ்க்கே ‘கடக் கடக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தால், சி, டி, இ மூன்றும் ஒன்றாகக் கண்ணை மூடும்.

சில நேரம் டி-க்கு மாற்றியதே வினையானதும் உண்டு. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களின் இருப்பிடத்தை சி-யிலிருந்து வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் கொஞ்சம் ஃபைல்களை விட்டுவைத்திருந்த ஆட்கள் இருந்தார்கள். அப்டேட் பார்த்தது. புது வீட்டுக்குப் போய்விட்டார்கள், பழைய வீடு காலியாகத்தான் இருக்கும் என்று அதுவாகவே முடிவு கட்டி, உள்ளே இருந்த சாமான்களோடு சேர்த்து இடித்துவிட்டது. நான்கே நாளில் விநியோகத்தை நிறுத்தி, ஓட்டையை அடைத்து, நவம்பர் 13-இல்தான் திரும்ப விட்டார்கள். ஃபைல் போனதாகப் புகார் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குக் காட்டியது. கணக்கு சரியாகவே இருக்கலாம். அந்த ஒருவருக்குப் போனது நூற்றுக்கு நூறு.

ஆகவே பென் டிரைவ். மேஜை டிராயரில் செத்த பேட்டரிகளுக்கும் ரப்பர் பேண்டுகளுக்கும் நடுவிலிருந்து ஒரு 32 ஜிபி பென் டிரைவ் கிடைக்கும். சொருகிப் பார்த்தால் 29 சொச்சம் என்று காட்டும். மீதி எங்கே என்று கடைக்காரரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுக்கிறது. போட்டோக்கள் சமர்த்தாகப் போகும். பெரிய பெண்ணின் கல்யாண வீடியோ, 6 ஜிபி, போகாது. ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று மறுக்கும்.

“என்னங்க, அதான் இருபது ஜிபி காலியா இருக்குல்ல?”

இருக்கிறது. ஆனால் அந்தப் பென் டிரைவ் எஃப்ஏடி 32 முறையில் ஃபார்மேட் ஆனது. 1996 வாக்கில் புழக்கத்துக்கு வந்த அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நலங்கு தொடங்கிக் கட்டுச்சாதம்வரை ஒரே ஃபைலாக எடுப்பார்கள் என்று அன்று யாருக்குத் தெரியும்? வழி இருக்கிறது: பென் டிரைவை எக்ஸ்-ஃபேட் முறைக்கு ஃபார்மேட் செய்யவேண்டும். அதற்குமுன் அதில் ஏற்றிய போட்டோக்களை வேறெங்காவது பத்திரமாக மாற்றவேண்டும். எங்கே? டி டிரைவில்.

இதைவிட நுட்பமான விபத்து ஒன்று உண்டு. விண்டோஸை ஏற்றுவதற்கான பென் டிரைவைத் தயாரிக்க மைக்ரோசாஃப்ட் தரும் கருவி, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் கேட்கும். அதில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும். எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் எச்சரிக்கைப் பெட்டி வந்தால் படிக்காமல் ‘ஓகே’ தட்டுவது இருபது வருஷத்துப் பழக்கம். வீட்டில் இருப்பது ஒரே பென் டிரைவ் என்றால், பேக்கப் எடுத்த கையோடு பேக்கப்பை அழித்த பெருமை அந்த வீட்டைச் சேரும்.

தமிழ் வீடுகளுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் உண்டு: எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்குமுன் பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு ஒரு தரத்தைக் கொண்டுவந்தது. 2010-இல் யூனிகோடுக்கு மாறச் சொன்னது. டிடிபி சென்டர்கள் அவரவர் பழகியதை விடவில்லை. விளைவு, தாத்தா உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த குலவரலாறும், கிரகப்பிரவேசப் பத்திரிகையும், குலதெய்வக் கோயில் வரவுசெலவும் பாமினியில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால், ‘அம்மா’ இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். இருக்கிற விண்டோஸின் மேலேயே அப்டேட் செய்தால் எழுத்துருக்கள் தப்பிவிடும். ஃபார்மேட் போட்டால் சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரோடு அவையும் போகும். ஃபைலை மட்டும் பத்திரப்படுத்தி எழுத்துருவை மறந்த வீட்டில், மூன்று தலைமுறை வரலாறு அரைப்புள்ளிகளாக மிஞ்சும்.

பாஸ்வேர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறக்க, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்த பிடிஎஃப் ஒன்பது பிரதிகளாக இருப்பதும் அதனால்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு மட்டும் யாருக்கும் தெரியாது. அது அவசியப்படும் இடம் எதுவென்றால், பிட்லாக்கர். வட்டு மறைக்குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும் லேப்டாப்பில் பயாஸில் எதையாவது மாற்றினால், அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கக்கூடும்; ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். டிபிஎம் தேடி பயாஸுக்குள் டார்ச் அடிக்கப் போகிறவர், அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு போவது உத்தமம். எழுதிய காகிதத்தை டி டிரைவில் ஸ்கேன் செய்து போடக் கூடாது என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

பிறகு மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தப்போகும் பகுதிகள் எவை என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஆரம்பிக்கவேண்டும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: ஹாலின் ஃபேனும் டியூப் லைட்டும் அதில் ஓடும், சிஸ்டம் சொருகியிருக்கும் பிளக் ஓடாது. மேஜைக்கடியில் இருக்கும் யூபிஎஸ், பேட்டரி போய், கரண்ட் நின்றதும் ‘கீச்’ என்று ஒரு முறை கத்திவிட்டுத் தானும் நின்றுவிடும். பாதியில் நின்ற அப்டேட் பெரும்பாலும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது ஓர் ஆறுதல். பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி 35 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கத் தேவையில்லை.

இத்தனை ஆயத்தத்துக்குப் பின் அப்டேட் என்னவோ சாதுவாகத்தான் நடக்கும். நாலைந்து முறை தானே அணைந்து தானே எழும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் புது விண்டோஸ். ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு நகர்ந்திருக்கும். இடதுபக்கம் இழுத்துவிட செட்டிங்ஸில் வழி இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம், அதற்காகப் பழைய விண்டோஸை ஒரு ஃபோல்டரில் கட்டி வைத்திருக்கும். சி டிரைவ் சிவப்பாகத் தெரிவது அதனால்தான்.

“புதுசுல என்னங்க விசேஷம்?”

“நிறைய இருக்காம்.”

“இருக்கட்டும். இந்த ஈபி பில்லைப் பிரிண்ட் எடுத்துக் குடுங்க.”

பிரிண்டரைக் காணவில்லை என்கிறது புது விண்டோஸ். பிரிண்டர் அங்கேதான் இருக்கிறது, பச்சை விளக்குகூட எரிகிறது, டிரைவர் வேண்டுமாம். டிரைவர் சிடியை அட்டைப்பெட்டியோடு பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சிடி போடும் டிரைவ், இப்போதெல்லாம் யார் சார் சிடி போடுறாங்க என்று அசெம்பிள் செய்தவர் கழித்துவிட்ட கணக்கில் போயிருந்தது.