ஜோடி இல்லாமல் கிடையாது

சுவிட்சர்லாந்தின் விலங்குக் காப்பகத்தில் போய், "ஒரே ஒரு கினிப்பன்றி போதும்" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். கூடி வாழும் பிராணியாம். தனியாக வளர்ப்பதை 2008-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். (மூன்றாம் மாடித் தாத்தா தனியாக இருக்கலாம். அவர் கினிப்பன்றி இல்லையே!)

சரி, ஜோடியாகவே கொண்டுவருகிறோம். ஆணும் பெண்ணும் என்றால் காயடிப்பு முக்கியம். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகிவிடும். சில வருடங்களில் ஒன்று மண்டையைப் போடும். மிஞ்சியதற்குப் புதுத் துணை, அந்தக் கிழம் போனதும் புதியதற்கு இன்னொரு துணை... பேரன் காலம்வரை ஓடும். இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் அங்கே ஒருவர் துணைக் கினிப்பன்றியை வாடகைக்கு விட ஆரம்பித்தார். மிஞ்சிய கிழமும் போய்த் துக்கம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.