ராஜகிரி இறங்கு படலம்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏறுவது எப்படி என்று சொல்லித்தர ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. இறங்குவது பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஏறினவன் இறங்கித்தானே ஆகவேண்டும் என்ற அலட்சியமே காரணம். அக்குறை நீக்கவே இச்சிறு நூல்.

முதலில் களம். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. இமயமலைக்காரர்கள் இதைக் குன்று என்றுகூட ஒப்பமாட்டார்கள். சித்திரை மாதம் பதினோரு மணிக்கு இந்தப் பாறையில் உள்ளங்கையை ஊன்றியவர் எவரும் அந்த ஒப்பீட்டைத் தொடர்வதில்லை. வழியெல்லாம் கிடக்கும் உருண்டைக் கற்கள் கோட்டையைத் தொடங்கிய கோன்கள் உருட்டிவிட்டவை அல்ல. வெயிலும் மழையும் காலங்காலமாகக் கருங்கல்லின் மூலைகளைத் தின்றதால் வந்தவை. கோன்களுக்கும் பின்வந்த நாயக்கர் முதலானோருக்கும் உரியது படிகளின் பொறுப்பு. ஒரு படி முழங்கால் உயரம் என்றால் அடுத்தது அரைச்சாண். உச்சிக்குச் சற்று முன்னே 24 அடி அகலம், 60 அடி ஆழத்தில் ஒரு பிளவு. அதன்மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் விருந்தாளி, எதிரி என்ற வேறுபாடே கிடையாது.

இனி சான்றுகள். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். கோட்டை கைக்கு வர 1698 ஆனது. அதற்குள் உள்ளேயிருந்த மராட்டிய சத்ரபதி ராஜாராம் நழுவிப் போய்விட்டார். தளபதியே வழிவிட்டதாக ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்தச் சச்சரவு நமக்கெதற்கு? ஒரு படையே ஆண்டுக்கணக்கில் ஏறமுடியாமல் நின்ற இடத்திலிருந்து ஒருவர் இறங்கிப் போனார் என்பதே நம் துறைக்குப் போதும்.

1714-ல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சொற்பக் குதிரைவீரர்களோடு வெட்டவெளியில் எதிர்த்து மாண்டார். மேலேயே இருந்திருக்கலாமே என்பார்கள். இருந்திருந்தால் அவர் கதையை ஆடும் தெருக்கூத்துக்காரர்களுக்கு ஒரு ராத்திரி நட்டம்.

எதிர்ச்சான்று ஒன்றை மறைக்கலாகாது. 1750-ல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. 'இரவில்' என்பதைக் கவனிக்க. வெயில் இல்லை, கைக்குழந்தை இல்லை, தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி மூடியைக் கடித்துத் திறக்கும் குரங்குகளும் தூக்கத்தில். அவர்களும் 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் சரணடைந்து இறங்கினார்கள். இன்று இந்த இரவு முறையைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. பொழுது சாய்ந்தபின் தொல்லியல் துறை மேலே விடுவதில்லை. 2025-ல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். படிகள் அதற்காகச் சமமாகிவிடவில்லை.

களத்தில் காணும் இறங்குமுறைகளில் தலையாயது உட்கார்ந்து இறங்குதல். சேலை கட்டிய பெரியம்மாக்கள் ஒரு கையில் செருப்பும் மறு கையில் பேரன் தலையுமாக இதைச் செம்மையாகச் செய்கிறார்கள். பேரன் நகர்ந்தால் முறை கெடும். பக்கவாட்டில் நண்டு நடை நடப்போர் இரண்டாம் வகுப்பினர். கல்லூரிப் பையன்கள் ஓடி இறங்குவார்கள். அவர்களை நூல் பொருட்படுத்துவதில்லை. மேலே வருகிறவர், "இன்னும் எவ்ளோ தூரம்ணா?" என்று கேட்டால் இறங்குகிறவர் எந்தப் படியில் நின்றாலும், "பத்து நிமிஷந்தான்" என்பார். இவ்வகைத் தகவலாளிகளை ஆய்வில் சேர்க்கவில்லை.

உடற்கூறும் நம் பக்கமே. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது, மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது அதே தசை எடையைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. அதில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி அன்றைக்கே வராது. இரண்டாம் நாள்தான் முற்றும். அதாவது கோட்டை நம்மைத் தாக்குவது நாம் வீடு திரும்பியபின். தாக்குதல் நடக்குமிடம் பெரும்பாலும் குந்தி உட்காரும் கழிப்பறை. அங்கே கைப்பிடி வைக்காததற்குக் கோன்களையோ நாயக்கர்களையோ குறைசொல்ல ஆதாரமில்லை.