செயின் சா இலக்கணம்: எழுத்து, சொல், பொருள்

பழைய செயின் சாவை வீட்டில் வைத்துப் பழுது பார்ப்பதை இயந்திரவியலில் சேர்ப்பது நெடுங்காலமாக நடந்துவரும் பிழை. அது இலக்கணத்தைச் சேர்ந்தது. தொல்காப்பியத்துக்கு உள்ளதுபோல எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்கள் இதற்கும் உண்டு. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுத் திண்ணையில், தையல் மெஷின் மேசை மீது, நாலு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து இதை நிறுவியிருக்கிறேன். மேசை என் மனைவியுடையது. இந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 58 சிசி மிஷின். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்தது. டெல்டாவில் தென்னைகள் லட்சக்கணக்கில் படுத்துக் கிடந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்களே, ‘மிஷின் எங்க கிடைக்குது?’ என்று கேட்டுவிட்டுப் போன நாட்கள் அவை. அப்போது இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்த பழைய மிஷின் இது. மூன்று மாதம் மூச்சுவிடாமல் அறுத்தது. பிறகு டேங்கில் பெட்ரோலோடு கொட்டகைப் பரணில் ஏறியது. பெட்ரோலை வடிக்காமல் ஏற்றியவர் யார் என்பது பற்றி வீட்டில் இரு கருத்துகள் உண்டு. ஆய்வாளன் என்ற முறையில் நான் நடுநிலை வகிக்கிறேன்.

வரலாறு சுருக்கமாக. சங்கிலி ரம்பத்தின் மூதாதை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் கையில் பிறந்தது. சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பை அறுக்க. இதைப் படித்த பிறகு பெண்கள் இருக்கும் சபையில் இக்கருவியின் பெருமையைப் பேசுவதை நான் விட்டுவிட்டேன். 1926இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மின்சாரத்தில் ஓடும் மரம் அறுக்கும் ரம்பத்தைச் செய்தார். தூக்க இரண்டு ஆள் வேண்டும். 1946இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவின் தாடையை உற்றுப் பார்த்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்தபடி முன்னேறியது. இன்றைக்கு நம் செயினில் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வருவது அந்தப் புழுவின் வாய்தான். காண்டாமிருக வண்டுக்குப் பொறி வைத்துவிட்டு வந்து, இன்னொரு வண்டின் பல்லை உட்கார்ந்து தீட்டுகிற தென்னை விவசாயியின் நிலையை எந்தத் துறையில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

முதலில் சொல்லதிகாரம். வரிசை மாறுகிறது, ஆனால் கயிற்றை இழுக்கும்போது மிஷினுக்கு முன்பு மனிதனிடமிருந்துதான் ஒலி புறப்படுகிறது. முதல் ஐந்து இழுப்பு வரை மௌனம். பத்தாவதில் வியங்கோள் வினை. பதினைந்தைத் தாண்டினால் அச்சில் வராத சொற்கள். இந்நேரத்தில் உரையாசிரியர்கள் கூடிவிடுவார்கள். அவர்களுள் மூன்று மரபு உண்டு: ‘பிளக்க கழட்டிப் பாரு’ மரபு, ‘கார்பரேட்டர் அடைப்பு’ மரபு, ‘பெட்ரோல் இருக்கா?’ மரபு. மூன்றாம் மரபின் ஒரே பிரதிநிதி என் பெரியப்பா. பைக், மோட்டார், மண்ணெண்ணெய் அடுப்பு எதுவானாலும் அவர் கேள்வி ஒன்றே. அவரை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. எத்தனை முறை அவர் சொன்னது சரியாக இருந்தது என்பதை யாரும் கணக்கெடுக்கவும் விரும்புவதில்லை.

இந்த முறை பெட்ரோல் இருந்தது. அதுதான் கோளாறு. டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை. கார்பரேட்டருக்குள் கோந்து. அதன் உள்ளே ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. கடையில் ‘டயாபரம்’ என்று கேட்க வேண்டும். எஞ்சினின் மூச்சு அதைத் துடிக்கவைக்க, அந்தத் துடிப்பே பெட்ரோலை உறிஞ்சித் தள்ளுகிறது. பைக் கார்பரேட்டர்போல மிதவை இல்லாததால்தான் மிஷினைச் சாய்த்துப் பிடித்தாலும் எஞ்சின் நிற்பதில்லை. துணிபோலத் துவள வேண்டிய அந்தத் தோல், விரலால் மடக்கியதும் அப்பளம்போல நொறுங்கியது. புதுசு போட்டேன். லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் கலந்தேன். மிஷின் பிடித்தது, ஒரு நிமிடம் ஓடியது, அலறியது, நின்றது.

இங்கே எழுத்ததிகாரம் தொடங்குகிறது.

கார்பரேட்டரில் மூன்று ஸ்க்ரூ. எல் என்பது மெல்லோட்டத்துக்கு. எச் என்பது முழு ரேசுக்கு. டி என்பது சும்மா நிற்கும்போது எவ்வளவு வேகம் என்பதற்கு. எல், எச் இரண்டையும் மென்மையாக இறுக்கி, ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்துத் தொடங்குவது வழக்கம். அதற்கு மேல் காதுதான் கருவி. சும்மா நிற்கும்போது ‘டுக் டுக் டுக்’: குறில், ஒரு மாத்திரை, செயின் நகரக்கூடாது. ரேஸ் கொடுத்தால் நெடில். முழு ரேசில் அந்த நெடிலுக்குள் லேசாக ஒரு கரகரப்பு, தொண்டையில் ஆய்தம் சிக்கிக்கொண்டதுபோல, கேட்க வேண்டும். பெட்ரோல் ஒரு பிடி கூடுதலாக வருகிறது என்று அதற்குப் பொருள். பல் மரத்தில் இறங்கியதும் ஆய்தம் மறைந்து ஓசை தெளிய வேண்டும். மறையாவிட்டால் எச்சை ஒரு மயிரிழை இறுக்கு. தொடக்கத்திலேயே ஆய்தம் இல்லாமல் ‘ஈஇஇ’ என்று வீறிட்டால் அது அளபெடை. செய்யுளில் ஓசை குறையும் இடத்தில் அளபெடை வரும்; மிஷினில் பெட்ரோல் குறையும் இடத்தில் வரும். பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால், அளபெடையை ரசித்துக்கொண்டிருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு இலக்கணம் உதவாது.

என் மிஷின் அளபெடுத்தது. எச்சைத் தளர்த்தினேன்; அளபெடுத்தது. இன்னும் தளர்த்தினேன், அதே ராகம். ஸ்க்ரூ சொல்லுக்கு ஓசை கட்டுப்படவில்லையென்றால் வேறெங்கோ காற்று புகுகிறது என்பது விதி. பெட்ரோல் ட்யூபைக் கழற்றி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதியபடி தண்ணீர் வாளியில் முக்கினேன். டேங்கின் சுவரைக் கடக்கிற அந்த வளைவிலிருந்து, மீன் குஞ்சு மூச்சுவிடுவதுபோல ஒரு குமிழி வந்தது. அடுத்து ஒன்று. வெடிப்பு நகக்கீறல் அளவுதான். வளைத்தால்தான் வாய் திறக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தது. வாயில் பழைய பெட்ரோல் சுவை ராத்திரி ரசம் வரை நின்றது.

இனிப் புணர்ச்சி. கழற்றியதைத் திரும்பச் சேர்ப்பது என்று பொருள். சேரும்போது மாற்றமே நேராவிட்டால் இயல்பு புணர்ச்சி. வீட்டுப் பழுதில் இதற்கு எடுத்துக்காட்டுக் கிடைக்கவில்லை. மாற்றம் நேர்ந்தால் விகாரம். நன்னூல் மூன்று சொல்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். கெடுதல் எளிது, உருண்டு ஓடிய சர்க்ளிப்பைத் தேடிய எவருக்கும் உரை வேண்டாம். திரிதலுக்கு என் கிளட்ச் சாட்சி. கிளட்ச் மரை இடம்புரி. மற்ற நட்டுக்கு எதிர்த்திசையில் கழலும். பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றை நுழைத்துப் பிஸ்டனை நிறுத்திவைத்து, முழு பலத்தோடு, முழு நம்பிக்கையோடு, தவறான திசையில் நான் திருகினேன். மரை திரிந்தது. இதில் வேதனை, கிளட்சைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அது அங்கே இருந்தது, கழற்றினேன். தோன்றல்: எல்லாம் பூட்டி முடிந்த பிறகு மேசையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சுவது. மிஞ்சியது. குட்டையானது, தட்டைத் தலை. அதைப் பிறகு பார்ப்போம்.

பொருளதிகாரத்தில் அகம், புறம் இரண்டு. அகம் என்பது சிலிண்டருக்குள் நடப்பது, அதைப் பேசிவிட்டோம். புறம் என்பது பல். கஜாவில் விழுந்த மரங்களில் மணல் அப்பிக் கிடந்தது. மணல் பட்ட பல் ஐந்து நிமிடம் தாங்காது. அது போதாதென்று, எலி ஏறாமல் மரத்தில் சுற்றிய தகட்டின் துருப்பிடித்த ஆணி ஒன்று பட்டைக்குள் ஒளிந்திருந்து இரண்டு பல்லைக் கொண்டுபோயிருந்தது. 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம், 30 டிகிரி சாய்வு, ஒரே திசையில் தள்ளல். இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக்கூடாது. ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து மறுபக்கம். கூர்மை வந்ததா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டாம். கீழே விழுவதைப் பார்த்தால் போதும். செதில் விழுந்தால் அறுக்கிறது, மாவு விழுந்தால் அரைக்கிறது.

பொருள் என்பதற்குப் பணம் என்றும் பொருள் உண்டு. அந்தக் கணக்கை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை.

நாலாவது ஞாயிறு, புது ட்யூப், பழைய மரைக்குப் பதில் வேறு கிளட்ச். கொல்லையில் கிடந்த தென்னங்கட்டை. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. முழு ரேசில் ஆய்தம் கேட்டது. தென்னைக்கு ஓரம்தான் வைரம். அங்கே பல் இறங்கியதும் ஆய்தம் போனது, செதில் முழங்காலில் வந்து விழுந்தது. பெரியப்பா வந்து ஒன்றும் கேட்காமல் டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மிஞ்சிய ஸ்க்ரூவை மிஷினின் எல்லா ஓட்டையிலும் வைத்துப் பார்த்தேன். எதிலும் உட்காரவில்லை. காகிதத்தில் மடித்துத் தேதி போட்டு வைத்தேன். மறுநாள் காலை உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

“ஏங்க, தையல் மெஷின்ல ஊசி நிக்க மாட்டேங்குதே. ஊசி ஸ்க்ரூவ எடுத்தீங்களா?”

இங்கே தோன்றல், அங்கே கெடுதல்.